சிரஞ்சீவி மார்க் வலையும் அபயக் காப்பும்

சுப்புராயனைக் கம்பெனி மோசம் செய்துவிட்டது என்று காசிமேட்டுக் கரையில் இன்னும் நாலு பேர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நன்றி கெட்ட ஜனங்கள். கட்டுமரக்காரன் ஒருவனை ஆபீசுக்குள் கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, 'வாடிக்கையாளர் அவர்களே' என்று வாய் நிறைய அழைத்து, அதற்கப்புறம்தான் அவன் வலையைப் பிடுங்கினார்கள். இந்த ஊரில் அவனிடம் பிடுங்கியவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் நிற்கவைத்துத்தான் பிடுங்கினார்கள். நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக்காசு வந்த வருஷம் அது. அணா எங்கே போயிற்று, நயா பைசா எங்கிருந்து வந்தது என்று கரையே குழம்பிக் கிடந்த சமயம் பார்த்து, சிரஞ்சீவி வலைக் கம்பெனியின் வேன் வந்து நின்றது. வேனின் தலையில் ஒலிபெருக்கி. உள்ளே இரண்டு பயில்வான்கள். பயில்வான்கள் இறங்கி ஆளுக்கொரு முனையாக நைலான் வலையைப் பிடித்து இழுத்தார்கள். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வலை மட்டும் அறவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது. கடலுக்கு அடியில் பயில்வான்கள் யாரும் இல்லை, பாறையும் மூழ்கின கப்பலின் இரும்பும்தான் கிடக்கின்றன என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வலை அறுந்தால் அன்றைய பேட்டா கிடையாது என்று பயில்வான்களுக்குச் சொல்லி வைத்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது.

கம்பெனியின் காப்பு அதிகாரி தேவகிருபை வேனின் மேல் ஏறிப் பேசினார். வெள்ளைக் கால்சட்டை, நெட்டித் தொப்பி, குரலில் தேன். பருத்தி வலை அழுகும், உப்பு தின்னும், எலி கடிக்கும். சிரஞ்சீவியோ அழுகாது, அறாது, உங்கள் பேரன் கையில் அவன் பேரனுக்காகக் காத்திருக்கும் என்றார். பேரன் பெயர் எடுத்ததும் பொம்பளைகள் நெருங்கி வந்தார்கள். அதற்கு மேல் அபயக் காப்பு என்று ஒரு திட்டமும் உண்டு என்றார். அதைத் தனியாகப் பணம் கட்டி வாங்கிக்கொண்டால், வலைக்கு என்ன நேர்ந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

கூட்டத்தில் சுப்புராயனும் இருந்தான். சொந்தக் கட்டுமரம், சொந்த வலை உள்ளவன். பிடித்த மீனைப் பங்கு போடும்போது ஆளுக்கொரு பங்கு போக, வலைக்கென்று தனிப்பங்கு உண்டு. வலை இல்லாதவன் ஆள் பங்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். சுப்புராயனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அடுத்தவன் மரத்தில் கூலியாளாக ஏறக் கூடாது. அவன் அப்பன் அப்படி ஏறித்தான் திரும்பி வராமல் போனான்.

அவனுக்கு இடது கைப் பழக்கம். மற்றவர்கள் போடும் வலை முடிச்சு வலப்பக்கம் திரும்பும். அவனுடையது இடப்பக்கம் திரும்பி, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிக்கொண்டு உட்காரும். கரை ஒதுங்கிய துண்டு வலையைப் பார்த்தே இது சுப்புராயன் கை என்று சொல்லிவிடுவார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டுக்கு வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும். கல்யாணப் பந்தியில் உட்காரவைத்தால் சோறு வருவதற்குள் இலையின் நரம்பைக் கிழித்து முடிச்சுப் போட்டு வைத்திருப்பான். அந்தக் கைதான் அவனைக் கெடுத்தது. கம்பெனி என்ன செய்யும்?

வலையை விற்கும் ஏஜெண்டு வெள்ளத்துரை. தெற்கேயிருந்து வந்து, கல்மண்டபத்துப் பக்கம் கயிறும் தாரும் விற்று, நாலு காசு பார்த்த அண்ணாச்சி. சுப்புராயன் அவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"அறவே அறாதுன்னு சொல்றாங்களே அண்ணாச்சி, அப்பால காப்பு இன்னாத்துக்கு?"

"அறாதுங்கது வலையோட குணம் வே. அறுந்தா பாத்துக்கிடுதது கம்பெனியோட குணம். ரெண்டு குணமும் ஒமக்கு வேணும்லா?"

வேண்டும்தான் என்று சுப்புராயனுக்குப் பட்டது. மனைவி மங்கையின் கம்மல் அடகுக்குப் போயிற்று. ஆனால் அதோடு முடியவில்லை. பழைய பருத்தி வலையை எல்லார் முன்னிலையிலும் எரித்தால்தான் காப்பு செல்லும் என்றார் தேவகிருபை. பழைய வலையை வீட்டில் வைத்திருப்பவருக்குச் சிரஞ்சீவி மேல் நம்பிக்கை வரவில்லை என்று பொருள். நம்பிக்கை இல்லாதவரைக் கம்பெனி எப்படிக் காக்கும் என்று கேட்டார். மங்கை முட்டி மோதிப் பார்த்தாள். அந்த வலை அவளும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து பின்னியது. சுப்புராயன் கேட்கவில்லை. கரையில் மூட்டிய நெருப்பில் எத்தனையோ வீட்டு வலைகளோடு அதுவும் போயிற்று. மங்கையின் தம்பி தாமோதரன் அன்று காய்ச்சலில் படுத்திருந்தான். அதனால் அவன் வலை மட்டும் தப்பித்தது. முன்னேற்றத்துக்குக் காய்ச்சல் ஒரு தடை என்று தேவகிருபை வருத்தப்பட்டார்.

காப்பு வாங்கியவர்களின் வலையில் மேல்கயிற்றை ஒட்டி ஒரு பித்தளை வில்லையைக் கம்பெனியார் கட்டிவிட்டார்கள். அபயம் காட்டும் கை ஒன்று அதில் பொறித்திருந்தது. வில்லையை அவிழ்த்தால் காப்பு போய்விடும். கிழிசலைச் சொந்தக்காரன் தொட்டாலும் போய்விடும். எர்ணாவூரில் உள்ள கம்பெனிக் கொட்டகையில்தான் சரிசெய்ய வேண்டும். சுப்புராயன் வில்லைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கடலுக்குக் கொண்டுபோனான்.

நாலாம் நாள் வலை கிழிந்தது. பாறையிலும் மாட்டவில்லை, சுறாவும் கடிக்கவில்லை. இழுக்கும்போது அந்தப் பித்தளை வில்லை புரண்டு, அதன் விளிம்பு நைலானை வரிசையாக அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஆள் ஒருவன் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

வீட்டு வாசலில் வலையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மங்கைக்கு எரிச்சல் வந்தது. "நீ குந்திகினு கீற நேரத்துல முடிச்சு போட்டு மரத்தத் தள்ளிகினு போயிருக்கலாம்" என்றாள். காப்பு போய்விடும் என்றான். அப்படியானால் காப்பை வறுத்துத் தின்னலாமா என்று கேட்டுவிட்டு, வலை பின்னும் ஊசியை எடுத்துத் தன் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். கண்ணில் பட்டால் அவன் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

காப்பு ஆபீஸ் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்தது. அங்கேதான் அந்த நாற்காலியும் மின்விசிறியும். தேவகிருபை வலையைத் தரையில் விரிக்கச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்.

"இதில் கிழிசல் எது, வாடிக்கையாளர் அவர்களே?"

சுப்புராயன் காட்டினான்.

"வலை முழுவதுமே ஓட்டையாகத்தானே இருக்கிறது? கம்பெனி கொடுத்த ஓட்டை எது, தாங்கள் உண்டாக்கிய ஓட்டை எது என்று நான் எப்படி அறிவது?"

"இது பெருசா கீது சார்."

பெரிதாக இருப்பதன் பொருளை அவர் பொறுமையாக விளக்கினார். பல வலைக் கண்கள் சேர்ந்து ஒரே கண்ணாகிவிட்டன. ஆகவே கம்பெனி எண்ணிக் கொடுத்த கண்களில் பலவற்றை வாடிக்கையாளர் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். சுப்புராயன் தன்னையறியாமல் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். முதல் தடவை என்பதால் இதைக் கம்பெனி மன்னிக்கும் என்று சொல்லிவிட்டு, கிழித்தது யார் என்று கேட்டார். இந்த வில்லைதான் என்று சுப்புராயன் சொன்னதும் அவர் முகம் வாடியது. காக்க வந்த பொருள் கெடுக்காது. அது அதன் இயல்பிலேயே இல்லை. உண்மையான குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்தினால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்தவனுக்கு வெள்ளத்துரைதான் வழி சொன்னார். ஏதாவது ஒரு நண்டைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டச் சொன்னார். மறுநாள் மங்கையின் கூடையிலிருந்தே ஒரு நண்டை எடுத்து, கயிறு கட்டி, ஆபீசுக்குக் கொண்டுபோனான். மேஜைமேல் பீங்கான் தட்டில் அதை வைத்து விசாரணை நடந்தது. இதுதானே கிழித்தது என்று தேவகிருபை கேட்டார். சுப்புராயன் நண்டைப் பார்த்தான். நண்டு ஒரு பாவமும் அறியாதது என்று அவனுக்குத் தெரியும். ஆமாம் என்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். ஒரு நண்டின் மேல் சொன்னான்.

தேவகிருபை மிகவும் மகிழ்ந்தார். குற்றம் இவ்வளவு தெளிவாக நிரூபணமாவது அபூர்வம் என்றார். பிறகு, கடல்வாழ் உயிரினங்களால் வரும் சேதத்துக்கு அபயக் காப்பு பொருந்தாது என்றும் சொன்னார்.

"மீனாலும் நண்டாலும் வர்ற சேதத்துக்கு இல்லன்னா, கடல்ல வேற இன்னா சார் கீது?"

"அதைத்தான் நாங்களும் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறோம். சிரஞ்சீவியைக் கடலில் போடாமல் இருந்தால் சேதமே வராது. வலையைக் காப்போம் என்றுதான் கம்பெனி சொன்னது. அதை வைத்து மீன் பிடிக்கலாம் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை."

ஆனாலும் கம்பெனிக்கு இரக்கம் உண்டு. தயவின் பேரில் வலையை எர்ணாவூருக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். நண்டு ஆபீஸ் சமையல்காரனிடம் போயிற்று.

வலை எர்ணாவூரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது கரையில் நெத்திலி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மணல் முழுக்க வெள்ளி காய்ந்தது. தாமோதரன் வீட்டில் உப்பு போதாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார்கள். சுப்புராயன் மரத்தைக் கரையில் சாய்த்து நிறுத்திவிட்டு அதன் நிழலில் படுத்துக்கிடந்தான். மங்கை ஏலத்தில் அடுத்தவர் மீனை வாங்கித் தலையில் சுமந்து, தண்டையார்பேட்டை வரைக்கும் போய் விற்றுவிட்டு வந்தாள். புருஷனுக்குச் சொந்த வலை இருக்கிறதே, உனக்கேன் இந்தப் பாடு என்று சக மீன்காரிகள் கேட்டார்கள். வலை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றாள். சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

நெத்திலி ஓய்ந்தபின் வலை வந்தது. கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் அதற்கு முன் கட்டிலுக்கு நாடா பின்னிக்கொண்டிருந்தவர்கள். நைலான் வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு அதில் நிற்காது. கடலில் முதல் இழுப்பிலேயே கம்பெனி முடிச்சுகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தன. அந்த நேரம் பார்த்து மரத்தைச் சுற்றி வஞ்சிரக் கூட்டம். கூட வந்த ஆள் ஐயோ என்று கத்தினான். சுப்புராயனின் கண் மீன்மேல் இருந்தது. கை ஓட்டைமேல் இருந்தது. கடைசி மீனையும் மரத்தில் ஏற்றிய பிறகு குனிந்து பார்த்தான். ஓட்டை இல்லை. இருந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பின முடிச்சுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எப்போது போட்டான் என்று சத்தியமாக அவனுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அந்த வலை கிழியவில்லை. வில்லை புரளாதபடி அதன் பின்னால் ஒரு துண்டுத் தக்கையையும் செருகிவிட்டான். கம்மல் அடகிலிருந்து மீண்டது. வலைப் பங்கு வீட்டுக்கு வந்தது. மங்கைகூட ஒருநாள் வலையைத் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். அவர்கள் நன்றாக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

வருஷ முடிவில் காப்புள்ள வலைகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி ஒலிபெருக்கி வந்தது. அதே நாற்காலி, அதே மின்விசிறி. இந்தத் தடவை காப்பியும் கொடுத்தார்கள். தேவகிருபை வலையைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. நகத்தால் சுரண்டினார், இழுத்தார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார்.

"ஆகா, என்ன அருமையான முடிச்சு. எங்கள் கொட்டகையில் இப்படிப் போட ஆளே கிடையாது. யாருடைய கைவேலை இது?"

கால்சட்டை போட்ட ஒருவர் சுப்புராயனின் கையை மெச்சியது அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெட்கத்தோடு சிரித்தான்.

"என்னுதுதான் சார். எடது கை."

தேவகிருபை எழுந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஆள்களைக் கூப்பிட்டு வலையைச் சுருட்டி உள்ளே கொண்டுபோகச் சொன்னார். சுப்புராயனுக்குப் புரியவில்லை, சுருட்டுவதற்கு ஒத்தாசைகூடச் செய்தான். வலை கதவுக்குள் மறைந்த பிறகுதான் எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டான்.

"வலைக்கு எதிரி யார் என்று கம்பெனி நெடுநாள் ஆராய்ந்தது" என்றார் தேவகிருபை. "கடல் எதிரி அல்ல, மீனும் அல்ல. எந்த வலையை எடுத்துப் பார்த்தாலும், அது கெட்டதற்கு முன்னால் அதை யாராவது ஒருவர் வாங்கியிருக்கிறார். ஆகவே வலையைக் காப்பது என்றால் அதை வாங்கியவரிடமிருந்து காப்பதுதான், அதுவும் கிழிசலில் தாமே கைவைத்தவரிடமிருந்து. அதற்குத்தான் தாங்கள் பணம் கட்டினீர்கள். கம்பெனி வாக்குத் தவறாது."

சுப்புராயன் காலில் விழுந்தான். நாற்காலியில் உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். வெள்ளத்துரையிடம் ஓடினான். விற்றது மட்டும்தான் தன் சோலி, விற்றதற்கு அப்புறம் உள்ளதெல்லாம் காப்பு என்று அவர் கணக்கைத் தீர்த்துவிட்டார். பழைய வலைக்கும் வழியில்லை. அது எப்போதோ சாம்பலாகிக் காற்றில் போய்விட்டது.

அவன் எதற்குப் பயந்தானோ அது நடந்தது. மச்சான் தாமோதரனின் மரத்தில் கூலியாளாக ஏறினான். தாமோதரன் நல்லவன், மாமா, மாமா என்றுதான் கூப்பிட்டான். பங்கு பிரிக்கும்போது மட்டும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். காய்ச்சலால் தப்பித்த அந்தப் பருத்தி வலைதான் இப்போது இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டது.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனியே ஆள் அனுப்பியது. எர்ணாவூர்க் கொட்டகையில் கூலிக்கு வேலை. அவனுடைய அந்த முடிச்சை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளியே எங்கும் போடக் கூடாது. அது இனிமேல் கம்பெனி முடிச்சு. ஒழுங்காக நடந்துகொண்டால் வலையைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யோசிக்கப்படும். அந்தக் கடைசி வார்த்தை போதும், சுப்புராயன் மரத்தைவிட்டு இறங்கி எர்ணாவூருக்கு நடந்தான்.

மறுபடியும் காசிமேட்டுக் கரைக்கு வேன் வந்தது. பயில்வான்களும் அவர்களே. புதிய சிரஞ்சீவி, அபய முடிச்சுப் போட்டது என்று ஒலிபெருக்கி அலறியது. இந்தத் தடவை வேனின் மேல் சுப்புராயனும் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. பயில்வான்கள் வலையை விரித்தார்கள். கண்ணுக்கு நேரே அவனுடைய வலை. வில்லைக்குப் பின்னால் அவன் செருகின தக்கைகூட அப்படியே இருந்தது. கழுவிச் சுருக்கம் எடுத்துப் புதிது என்று கொண்டுவந்திருந்தார்கள்.

முன்வரிசையில் தாமோதரன் நின்றிருந்தான். தோளில் அவனுடைய பருத்தி வலை, மாமா கையின் முடிச்சு என்ற நம்பிக்கையில் எரிக்கத்தான் கொண்டுவந்திருந்தான். கொஞ்சம் தள்ளி மங்கை, இடுப்பில் கூடையோடு.

"மாமா, நீ சொல்லு" என்றான் தாமோதரன். "வேற எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். இது நெசமாலுமே அறாதா?"

தேவகிருபை திரும்பிப் புன்னகையோடு தலையசைத்தார். சுப்புராயன் மச்சானைப் பார்த்தான், வலையைப் பார்த்தான். இவன் வாங்கவில்லையென்றால் வேறெவனாவது வாங்கிக்கொண்டு எண்ணூருக்கோ பழவேற்காட்டுக்கோ போய்விடுவான். இவன் வாங்கினால் வலை நம் தெருவுக்கே வந்துவிடும். தினமும் கண்ணால் பார்க்கலாம், ஆள் இல்லாத நேரத்தில் தொட்டும் பார்க்கலாம். அவன் யோசித்தது இவ்வளவுதான். தாமோதரன் தோளில் இருந்த வலையை அவன் யோசிக்கவே இல்லை. எனக்கு இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

"அறாது" என்றான். "அறுந்தா கம்பெனி பாத்துக்கும்."

தாமோதரன் பருத்தி வலையை நெருப்பில் போட்டான். மரப்பட்டைச் சாற்றிலும் மீன் எண்ணெயிலும் ஊறிய வலை, சட்டென்று பிடித்துக்கொண்டது. பயில்வான்கள் நைலான் வலையை மடித்து அவனிடம் கொடுத்தபோது, வெள்ளத்துரை தக்கைத் துண்டைப் பார்த்துவிட்டு அசிங்கமாக இருக்கிறதென்று பிடுங்கித் தூர எறிந்தார். மங்கை கிட்டே வந்து வலையைத் தூக்கிப் பார்த்தாள். இடப்பக்கம் திரும்பின முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"உன் வலையப் பாக்கறதுக்கு என் தம்பி வலையக் கொளுத்திட்டியேய்யா" என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டாள்.

சுப்புராயன் வேனின் மேலேயே உட்கார்ந்திருந்தான். கண் நெருப்பில் இருந்தது. கை, காக்கிச் சட்டையின் கீழ் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடப்பக்கம் திருப்பி, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்த தேவகிருபை குனிந்து அவன் காதோடு சொன்னார்.

"கையை அடக்குங்கள். அது கம்பெனி முடிச்சு."

சுப்புராயன் நூலை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.